ஓலையின் மூன்றாம் படி

மேற்கு மலையின் முகடுகளுக்குப் பின்னால் கதிரவன் இறங்கிவிட்ட பின்னும் அவனுடைய செவ்வொளி மட்டும் வானத்தை விட்டு அகல மனமின்றித் தயங்கி நின்ற அந்திப் பொழுது அது. பவானி நதி வெண்கோட்டுக் கோட்டையின் கருங்கல் மதிலைத் தழுவிக்கொண்டு, மூன்றாம் பிறையின் மெல்லிய வெள்ளிக் கீற்றைத் தன் அலைகளில் உடைப்பதும் மறுபடி ஒன்றுசேர்ப்பதுமாக விளையாடிக்கொண்டிருந்தது. கரையோர மருத மரங்களில் அடைய வந்த நாரைகள் கிளை போதாமல் பூசலிட்டன. மதிலின் மீது தீவட்டிகள் ஒவ்வொன்றாகச் சுடர்விடத் தொடங்கின. ஆனால், வாசகர்களே, இந்த அழகில் ஒரு துளியையும் காணாத மனிதன் ஒருவன் அந்த நதித்துறையின் கடைசிப் படியில் குந்தியிருந்தான். முறுக்கேறிய கற்றாழை நார்க் கயிறு ஒன்றை முழம் முழமாக விரல்களுக்கிடையே இழுத்து, எங்கேனும் ஓர் இழை பிரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அது முடிந்ததும் அருகில் சுருட்டி வைத்திருந்த இரண்டாவது கயிற்றை எடுத்தான். அதுவும் முடிந்தபின் மீண்டும் முதற் கயிற்றுக்கே வந்தான்.

கண்டன் நம்பி என்பது அவன் பெயர். வெண்கோட்டை ஆண்ட சிற்றரசராகிய வேளின் வழிகாவல் தலைவன். மலையையும் காட்டையும் கடந்து செல்லும் தூதர்களை ஊறின்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் கடமை. வயது முப்பதைத் தாண்டிச் சில மாதங்களே ஆகியிருந்தும், காதோரத்து முடி நரைத்துவிட்டது. அரண்மனையில் அவனை 'இரட்டை நம்பி' என்று அழைத்துச் சிரிப்பார்கள். தீக்கடைகோல் என்றால் இரண்டு, தோற்பை என்றால் இரண்டு, காலுக்கு இடும் செருப்புக்கூட இரண்டு இணை. அவன் அந்தச் சிரிப்பைப் பொருட்படுத்தியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவனுடைய தமையன் ஒரே வழிகாட்டியோடும் ஒரே கயிற்றோடும் இதே மலைக்குள் நுழைந்தான். மூன்று நாள் தேடியபின் நம்பிக்குக் கிடைத்தது, பாறை இடுக்கில் சிக்கிக் கிழிந்த ஒரு தோற்பையும் அறுந்து தொங்கிய கயிற்றின் நுனியுமே. அன்று முதல் அவனுக்கு உறக்கம் என்பது பாதி உறக்கந்தான்.

இம்முறை அந்தப் பாதியும் போய்விட்டது. வடபுலத்து மழவரையன் எண்ணாயிரம் வீரர்களோடு வெண்கோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தான். மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் பெருவழி முழுவதும் அவன் கைக்குள் போயிருந்தது. கோட்டையின் வேளோ முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்தார். அவருக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தவள் அவருடைய ஒரே மகள் நீலநங்கை. தாயை இழந்த அவள் குழந்தைப் பருவம் முதல் தாய்மாமனாகிய மேலைக்கரை அரசர் வில்லவரையரின் அரண்மனையில் வளர்ந்தவள். ஆறு மாதங்களுக்கு முன்புதான் தந்தையின் நோய் கேட்டு வெண்கோட்டுக்குத் திரும்பியிருந்தாள். அந்தப்புரத்தை விட்டு அவள் வெளிவராததால் கோட்டை வீரர்களில் எவரும் அவள் முகத்தை அறியார். அவளுடைய ஆணைகள் முதலமைச்சரின் வாய்வழியாகவே வந்தன.

வில்லவரையர் மூவாயிரம் வில்லாளிகளைத் துணைக்கு அனுப்ப இசைந்திருந்தார். ஆனால் அவருடைய அவையில் இந்தப் போரை விரும்பாதவர்கள் பலர். ஆகவே, வெண்கோடு இறுதிவரை எதிர்த்து நிற்கும் என்ற உறுதிமொழி ஓலை பௌர்ணமிக்குள் தம் கைக்கு வந்தாக வேண்டும் என்றும், வராவிட்டால் மழைக்கு முன் வில்லாளிகளை அவரவர் ஊருக்கு அனுப்பிவிடுவதைத் தவிரத் தமக்கு வேறு வழியில்லை என்றும் அவர் செய்தி விடுத்திருந்தார். பெருவழி அடைபட்டுவிட்டதால், மனிதர் அதிகம் கால் வைக்காத மலைவழியே அந்த ஓலையைக் கொண்டுசெல்லும் பொறுப்பு நம்பியிடம் வந்து சேர்ந்தது.

அவன் ஒரு மாதமாக அதற்குத்தான் ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். வழி இரண்டு தேர்ந்தான்: மேலே ஆனைவாய்க் கணவாயின் பிரம்புத் தொங்குபாலம்; அது இல்லையென்றால் கீழே கருங்கயம் என்னும் ஆற்றுப் பிளவு. கயத்தைக் கடக்க ஒரு பரிசலை முன்கூட்டியே கொண்டுபோய் மூங்கில் புதரில் மறைத்தான். தினையும் உலர்ந்த இறைச்சியும் தேனும் நிரப்பிய சாடிகளை மூன்று இடங்களில் புதைத்தான். ஓலையையும் ஒன்றோடு விடவில்லை. அரக்கு முத்திரையிட்ட பனையோலை ஒரு மூங்கில் குழலில் அவன் கழுத்திலேயே தொங்கும். அதே வாசகம் பொறித்த செப்பேடும் இளவரசியின் முத்திரை மோதிரமும் அவனுடைய பத்தாண்டு நண்பனும் உபதலைவனுமான சேந்தன் மாறனிடம் இருக்கும். ஒருவன் வீழ்ந்தாலும் மற்றவன் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இத்தனையையும் கேட்ட முதலமைச்சர், மூன்றாவதாக ஒரு படியையும் இளவரசியார் அனுப்புவதாகச் சொன்னார். அந்த மூன்றாம் படிதான் இப்போது நதித்துறைப் படிகளில் நம்பியை நோக்கி இறங்கி வந்தது.

வந்தவள் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க பெண். கணுக்காலுக்கு மேல் வரிந்து கட்டிய முரட்டுச் சேலை; தோளில் ஒரு சிறு மூட்டை. மருதவல்லி என்றும், இளவரசியின் பணிப்பெண் என்றும், ஒருமுறை கேட்டதை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லக்கூடியவள் என்றும் அமைச்சர் சொல்லியிருந்தார். ஓலை முழுவதும் அவள் நெஞ்சில் இருந்தது.

நம்பி எழுந்து நின்று வணங்கினான். பிறகு, நயமாகச் சொல்லத் தெரியாதவன் ஆகையால், நேரடியாகவே சொன்னான். "அம்மணி, இந்தப் பயணத்தில் எதை இழந்தாலும் அதற்கு மாற்றாக ஒன்று வைத்திருக்கிறேன். உங்களை இழந்தால் என்னிடம் மாற்று இல்லை. நீங்கள் வரவேண்டாம்."

"உமக்கும் மாற்று இல்லை, தலைவரே. நீர் போகத்தானே செய்கிறீர்?" என்றாள் அவள். அதில் கோபமும் இல்லை, குறும்பும் இல்லை. பிறகு குனிந்து கயிற்றின் மறுமுனையை எடுத்து, அவன் செய்தது போலவே முழம் முழமாகத் தடவிப் பார்க்கத் தொடங்கினாள்.

மறுநாள் விடியலில் நால்வர் மட்டும் புறப்பட்டார்கள்: நம்பி, சேந்தன், மருதவல்லி, வழிகாட்டியாகக் கோடன் என்ற மலைவேடன். பெருங்கூட்டம் சென்றால் ஓசை எழும், தடம் பதியும் என்பதால் வேறு எவரையும் நம்பி சேர்க்கவில்லை.

மூன்று நாட்கள் அவர்கள் ஏறினார்கள். முதலில் இலந்தையும் வெள்வேலும் அடர்ந்த சரிவுகள். பிறகு வானை மறைக்கும் தேக்கும் வேங்கையும். அதன்பின் அட்டைகள் உதிரும் ஈரச் சோலைகள். எங்கோ யானைகள் மூங்கிலை முறிக்கும் ஓசை பகலெல்லாம் உடன் வந்தது. சேந்தன் வழிநெடுக வேடிக்கை பேசிச் சோர்வைப் போக்கினான். அவன் உடனிருந்தால் நம்பிக்கு எப்போதுமே பாரம் குறைந்தாற்போல் இருக்கும். மருதவல்லியோ களைத்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. ஓய்வு நேரங்களில் உதடுகள் அசைய ஓலையை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பாள். அவள் காலிலிருந்த கொப்புளங்களை ஒருமுறை நம்பி கண்டுவிட்டான். தன்னுடைய இரண்டாவது இணைச் செருப்பை வாரைச் சுருக்கி அவள் முன் வைத்தான். அவள் அணிந்துகொண்டாள். அன்று மாலை நெடுநேரம் அந்தப் பெரிய செருப்புகள் பாறையில் எழுப்பிய ஓசையைக் கேட்டுக்கொண்டே அவன் நடந்தான். தன் மனம் ஏன் இப்படி அலைபாய்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை முதலாவது சாடியைப் புதைத்த இடம் வந்தது. மேலே மூடியிருந்த தட்டைக்கல் வைத்தது வைத்தபடி இருந்தது. அதை நகர்த்திப் பார்த்தால், சாடி வெறுமையாகக் கிடந்தது.

கரடியாக இருக்கும் என்றான் சேந்தன். கோடன் குனிந்து கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தான். "கரடி கல்லைப் பொரட்டுமுங்க, தலைவரே. திரும்பி எடுத்து வெக்காதுங்க."

இந்த இடத்தை அறிந்தவர்கள் மூவர்: அவன், புதைக்க உதவிய சேந்தன், சுமை தூக்கி வந்த கோடன். தன்னைத் தவிர்த்தால் இருவர். அந்த இருவரில் எவரை ஐயுறுவது என்று அவன் எண்ணிப் பார்க்கவே இல்லை. பத்தாண்டு நட்பு அவனுக்காக எண்ணிவிட்டது. கோடனை அழைத்து இடுப்புக் கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். மலைவேடன் உறையோடு கழற்றிக் கொடுத்தான். மருதவல்லி இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை கோடனிடமிருந்து மெல்ல நகர்ந்து சேந்தன்மீது சற்று நேரம் தங்கியது.

மறுநாள் ஆனைவாய்க் கணவாயை அடைந்தபோது தொங்குபாலம் இல்லை. இருநூறு அடிப் பள்ளத்தின் இரு விளிம்புகளிலும் அறுந்த பிரம்புகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. வெட்டுவாய் இன்னும் பச்சையாக இருந்தது. நம்பி அதைத் தொட்டுப் பார்த்தான். தமையனின் கயிற்று நுனி அவன் நினைவுக்கு வந்தது. அவனுக்கு அழத் தோன்றியது. ஆனால் கருங்கயத்துக்கு இறங்கும் வழியைக் காட்டும்படி கோடனிடம் சொன்னான், அவ்வளவே.

இறங்கும் வழியில் புதைத்திருந்த இரண்டாவது சாடியும் வெறுமையாகவே கிடந்தது. பசியால் மருதவல்லியின் நடை தள்ளாடத் தொடங்கிய பின்னரே, நம்பி வழியை விட்டு விலகி ஒரு காட்டுப் பலாவின் வேரடியைத் தோண்டி மூன்றாவது சாடியை வெளியே எடுத்தான். அது நிறைந்திருந்தது. இதை அவன் வேறொரு நாள் தன்னந்தனியே வந்து இடம் மாற்றி வைத்திருந்தான், எவரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணமும் அவனுக்குத் தெரியாது. அன்றைக்கு உறக்கம் வரவில்லை, நடந்து வந்தான், மாற்றினான்.

தேன் கலந்த தினைமாவை வாங்கிக்கொண்ட சேந்தன், இதை எப்போது வைத்தாய் என்று கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் அந்தச் சிரிப்பு அவன் கண்களை எட்டவில்லை என்பதை நம்பி பிறகு, காலம் கடந்தபின், நினைத்துப் பார்த்தான்.

கருங்கயம் என்பது, வாசகர்களே, பெயருக்கு ஏற்ற இடம். இருபுறமும் செங்குத்தான கரும்பாறை. நடுவே ஆறு ஒடுங்கி, மேல்மலை மழையின் செந்நீரைச் சுமந்துகொண்டு உறுமியபடி பாய்ந்தது. மறைத்து வைத்த பரிசல் பத்திரமாக இருந்தது. கோடன் ஒரு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாறைக்குப் பாறை தாவியும் நீந்தியும் அக்கரை சேர்ந்து, அதை ஒரு மரத்தில் இறுக்கினான். இக்கரையில் அதன் மறுமுனையைச் சேந்தன் கட்டினான். அந்தக் கயிற்றைக் கையால் பற்றி இழுத்து இழுத்துப் பரிசலை நகர்த்த வேண்டும். பரிசலையே பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள இரண்டாவது கயிறு. அதன் முனையும் சேந்தனின் பொறுப்பில். முதலில் நம்பியும் மருதவல்லியும் கடப்பது, பின் பரிசலை இக்கரைக்குத் திரும்ப இழுத்து அதில் சேந்தன் வருவது என்று ஏற்பாடு.

ஆற்றின் நட்டநடுவே வந்தபோதுதான் நம்பி திரும்பிப் பார்த்தான். இரண்டு கயிறுகளும் ஒரே மரத்தில் கட்டப்பட்டிருந்தன. ஒருபோதும் அப்படிக் கட்டலாகாது என்று அவனே சேந்தனுக்குக் கற்பித்திருந்தான். அந்த மரத்தருகே சேந்தன் உருவிய வாளோடு நின்றான்.

நீரின் உறுமலுக்கு மேலே சேந்தனின் குரல் தெளிவாகவே கேட்டது. "உன் ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை, நம்பி. எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாய். அது ஒன்றுதான் குறை."

வாள் இருமுறை இறங்கியது. பரிசல் ஒரு காய்ந்த சருகைப் போலச் சுழன்று, பாறையில் மோதி, ஒரு பக்கம் கிழிந்தது. மருதவல்லி நீரில் வீழ்ந்தாள். நம்பி பாய்ந்து அவள் மணிக்கட்டை ஒரு கையால் பற்றினான். மறு கை, அக்கரை மரத்தில் இன்னும் கட்டுண்டிருந்த கயிற்றை விடாமல் பிடித்திருந்தது. அதைப் பற்றியிருந்தால் வெள்ளமே அவர்களை அக்கரைக்கு ஒதுக்கிவிடும். ஆனால் அவன் கழுத்திலிருந்த மூங்கில் குழலின் வார், உடைந்த பரிசலின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. பரிசல் அவனை நீருக்குள் இழுத்தது. வாரை விடுவிக்க ஒரு கை வேண்டும். கயிற்றை விட்டால் அவனும் இல்லை, அவளும் இல்லை, குழலும் இல்லை. அவளை விட்டால் குழல் மிஞ்சும்.

அவன் தலையைக் குனிந்து வாரைக் கழுத்திலிருந்து நழுவவிட்டான். வெண்கோட்டின் உறுதிமொழி, அரக்கு முத்திரையோடு, கிழிந்த பரிசலின் பின்னே போய்ச் செந்நீரில் மறைந்தது.

கோடன் பாறைமேல் குப்புறப்படுத்துக் கயிற்றை இழுத்து இருவரையும் கரை சேர்த்தான். அவன் உள்ளங்கைகள் இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. எதிர்க்கரையில் சேந்தன் அதற்குள் புதர்களிடையே மறைந்துவிட்டான். அவர்கள் வெள்ளத்தில் மாண்டதாகவே அவன் முடிவு செய்திருக்க வேண்டும். தெற்கே பெருவழியில் மழவரையனின் ஆட்கள் குதிரையோடு காத்திருப்பார்கள் என்பது இப்போது விளங்கியது.

நம்பி கோடனிடம் போய், மன்னிப்புக் கேட்கும் சொற்களை ஒழுங்காகக் கோக்கத் தெரியாமல், தான் பெரும் பிழை செய்துவிட்டதாக மட்டும் சொன்னான்.

"கத்தியக் குடுங்க, போதும். கொடி அறுக்கோணும். இந்தம்மாவால நடக்க முடியாதுங்க," என்றான் கோடன்.

மருதவல்லியின் வலது கணுக்கால் வீங்கிப் பருத்திருந்தது. கொடியும் கழியும் கொண்டு ஒரு தூளி முடைந்து, இருவரும் மாறி மாறிச் சுமந்தார்கள். மலையின் மேற்குச் சரிவு பச்சைப் பசேலென்று இறங்கியது; மிளகுக் கொடிகள் மரமெல்லாம் படர்ந்திருந்தன; தொலைவில், மேகத்துக்கும் மண்ணுக்கும் இடையே, கடல் ஓர் ஈயக் கோடாகத் தெரிந்தது. சேந்தன் என்ன செய்வான் என்பதை எண்ணி எண்ணி நம்பியின் உள்ளம் தீயில் இட்ட புழுவாகத் துடித்தது. செப்பேடு அவனிடம் இருக்கிறது, மோதிரமும் இருக்கிறது. அவற்றை ஒளித்துவிட்டுப் போவானா, அல்லது அவற்றைக்கொண்டே ஏதேனும் செய்வானா?

ஒரு சுனையருகே இளைப்பாறியபோது மருதவல்லி கேட்டாள். "அந்தக் குழலை விடும்போது என்ன எண்ணினீர்?"

மூன்றாம் படியாவது மிஞ்ச வேண்டும் என்று எண்ணியதாக அவன் சொன்னான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் நிலைக்கவில்லை.

"எண்ண நேரமில்லை, அம்மணி," என்றான் அவன், வேறெங்கோ பார்த்தபடி.

சுனை நீரைக் கையில் அள்ளியவள் அதைப் பருகாமலே விரலிடுக்கில் ஒழுகவிட்டாள். அன்று முழுவதும் அவள் உதடுகள் ஓலையைச் சொல்லிப் பார்க்கவில்லை.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் பிற்பகலில் வில்லவரையரின் கடற்கரைத் தலைநகரை அவர்கள் அடைந்தார்கள். நகரின் தெருக்களில் வில்லாளிகள் கூட்டம் கூட்டமாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தனர். ஊருக்குப் போகலாம் என்று ஆணை வந்துவிட்டதாம். வெண்கோட்டுத் தூதர் நேற்றே வந்துவிட்டாராம்.

அரண்மனை வாயிலில் காவலர்கள் வேல்களைக் குறுக்கே நீட்டினார்கள். சேறு அப்பிய உடலும் சடைபிடித்த தலையுமாக வந்து நின்ற மூவரையும் பிச்சைக்காரர் என்றே கருதினர். மருதவல்லி நம்பியின் தோளைப் பற்றியபடி ஒற்றைக் காலில் நின்று, வெண்கோட்டிலிருந்து இரண்டாவது தூது வந்திருப்பதாகவும், முதல் தூதர் முன்னிலையிலேயே அதைச் சொல்ல வேண்டும் என்றும், அரசர் கேட்க மறுத்தால் அதன் பழி வாயிற்காவலர்மீது விழும் என்றும் மேலைக்கரை வழக்கிலேயே அழுத்தமாகப் பேசினாள். அந்த நாட்டுப் பேச்சு அவளுக்கு அவ்வளவு சரளமாக வரும் என்று நம்பி எதிர்பார்க்கவில்லை.

அவைமண்டபத்தில் மாலை விளக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருபுறம் திறந்த சாளரங்கள். அவற்றுக்குக் கீழே உப்பங்கழியின் நீர் கல்லில் மோதியது. அரியணையில் வில்லவரையர் வாட்டத்தோடு சாய்ந்திருந்தார். அவருக்கு எதிரே, தூய வெண்பட்டு அணிந்து, சேந்தன் மாறன் நின்றான். நம்பியைக் கண்டதும் அவன் முகம் ஒரு கணம் வெளிறிற்று, மறுகணமே தேறியது.

நடந்ததை அரசரே சொன்னார். வெண்கோடு மழவரையனுக்குப் பணிந்துவிட்டது. இனி உதவி வேண்டாம். நட்பு முடிந்ததற்கு அடையாளமாக முத்திரை மோதிரம் திருப்பி அனுப்பப்படுகிறது. இதுவே சேந்தன் கொணர்ந்த செய்தி. மோதிரம் அரசரின் உள்ளங்கையில் கிடந்தது. செப்பேட்டைச் சேந்தன் எங்கோ எறிந்துவிட்டான் போலும். வந்திருப்பவர்கள் மழவரையனால் ஏவப்பட்ட வேடதாரிகள் என்றும், வில்லாளிகளை மலைக்குள் இழுத்துச் சென்று அழிப்பதே அவர்கள் நோக்கம் என்றும் அவன் இப்போது பணிவோடு எடுத்துரைத்தான். அவையினர் நம்பியைப் பகையோடு நோக்கினர்.

மருதவல்லி ஓலையின் வாசகத்தைச் சொன்னாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. ஆயினும் முத்திரையில்லாத சொல்லை யார்தான் ஏற்பார்கள்? மனப்பாடம் செய்து எவரும் எதையும் சொல்லலாம் என்றார் ஓர் அமைச்சர்.

"மெய்தான். ஆகவே தூதரிடம் ஒன்றே ஒன்று கேட்க அரசர் அனுமதிக்க வேண்டும்," என்று கூறிய அவள், அரசர் தலையசைத்ததும், சேந்தனை நோக்கித் திரும்பினாள். "இந்த மோதிரத்தை உம்மிடம் கொடுத்தவர் யார்?"

"இளவரசி நீலநங்கையார்."

"அமைச்சர் வழியாகவா?"

சேந்தன் சற்றே தயங்கினான். அமைச்சர் வழியாக என்றால் ஐயத்துக்கு இடமுண்டு என்று அவன் கணக்கிட்டிருக்க வேண்டும். "இல்லை. இளவரசியார் தம் கையாலேயே என் கையில் கொடுத்தார். கண்ணீரோடு கொடுத்தார். வாளின்மீது ஆணையிட்டுச் சொல்வேன்," என்றான். சொன்னபடியே வாளைத் தொட்டு ஆணையும் இட்டான்.

அவள் ஒரு செம்பு நீர் கேட்டாள். விளக்கேற்றிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கொண்டுவந்து கொடுத்தாள். அவையின் நடுவே நின்று அந்த நீரால் அவள் முகத்தைக் கழுவினாள். கருங்கயத்துச் சேறும் மலைப்புழுதியும் கன்னங்களின் வழியே வழிந்தன. முன்றானையால் துடைத்துக்கொண்டு, முகத்தை மறைத்திருந்த சடையை இரு கைகளாலும் ஒதுக்கி, விளக்கை நோக்கி நிமிர்ந்தாள்.

செம்பைக் கொணர்ந்த பெண்தான் முதலில் விம்மினாள். பிறகு வில்லவரையர் மெல்ல, மிக மெல்ல, அரியணையை விட்டு எழுந்தார்.

"நீலா," என்றார் அவர்.

"ஆம், மாமா. இந்த மனிதருக்கு நான் என் கையால் எதையும் கொடுத்ததில்லை. பவானிக் கரையிலிருந்து கருங்கயம் வரை என்னோடு நடந்தார்; என் பெயரைக்கூட அறியார்."

அந்தச் சொற்கள் முடியுமுன்னே சேந்தன் பாய்ந்தான். தடுக்க வந்த காவலனின் தோளில் வாள் கீறிற்று. அடுத்த கணம் அவன் சாளரத்தின் மீது நின்றான். அதற்கடுத்த கணம் கீழே கழிநீர் தெறிக்கும் ஓசை கேட்டது. நம்பி சாளரத்தை எட்டியபோது, அக்கரைத் தாழம்புதர்களிடையே ஒரு குதிரை கனைத்தது. குளம்பொலி கிழக்கு நோக்கி, பெருவழியை நோக்கி, விரைந்து தேய்ந்தது.

வில்லாளிகளைத் திருப்பி அழைக்கும் பேரிகை அந்நேரமே முழங்கத் தொடங்கியது. அவை கலைந்து ஓடியது. நம்பி மட்டும் அசையாமல் நின்றான். தூளியில் சுமந்தது யாரை, எவருடைய கணுக்காலுக்குப் பச்சிலை கட்டினான், யாரிடம் 'வரவேண்டாம்' என்றான் என்பதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அவன் மீது வந்து விழுந்தது. இறுதியில் எஞ்சியது சினந்தான்.

"என்னிடம் சொல்லியிருக்கலாம், தேவி," என்றான் தணிந்த குரலில்.

"சொல்லியிருந்தால் நீர் என்னைக் காக்கப் புறப்பட்டிருப்பீர், ஓலையைக் காக்க அல்ல. ஓலையும் மோதிரமும் தவறினால் என் மாமன் நம்பக்கூடியது என் முகம் ஒன்றைத்தான். அதனால் வந்தேன்." சற்று நிறுத்தி, "உம்மை நம்பாமல் மறைக்கவில்லை," என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் இளவரசியின் மிடுக்கு இல்லை.

வில்லவரையர் அவர்களருகே வந்தார். வில்லாளிகள் மீண்டும் திரண்டு மலையேறப் புறப்பட மூன்று நாட்களாகும். அதுவரை மட்டுமின்றிப் போர் முடியும்வரை நீலநங்கை இங்கேயே தங்கவேண்டும் என்றார். அவள் மறுத்தாள். சேந்தன் இப்போது மழவரையனிடம் கொண்டுசெல்வது ஒரே செய்தி: வெண்கோட்டின் இளவரசி கோட்டைக்குள் இல்லை. நாளை மறுநாள் பகைவர்கள் மதிலடியில் நின்று, உங்கள் இளவரசி உங்களைக் கைவிட்டுக் கடற்கரைக்கு ஓடிவிட்டாள் என்று கூவுவார்கள். வீரர்கள் அவள் முகத்தையே அறியாதவர்கள். அமைச்சர் எத்தனை நாள் அவர்களைத் தேற்ற முடியும்? வில்லாளிகள் போய்ச் சேருமுன் கதவு திறந்துவிடும்.

அவள் சாளரத்தருகே சென்று, வீங்கிய காலை ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நின்றாள். கீழ்வானத்தில், மலைத்தொடரின் மேலே, ஒரு கலை குறைந்த நிலவு எழுந்து வந்துகொண்டிருந்தது. தன் இடையில் மறைத்து வைத்திருந்த சிறு வாளை உருவி அதன் அலகின்மீது வலக்கையை வைத்தாள்.

"வெண்கோட்டின் மதில்மீது முகத்திரையின்றி நான் ஏறி நிற்பேன். கடைசிக் காவலன்வரை என்னைக் காணும்படி நிற்பேன். அதற்குமுன் பஞ்சணையில் படுக்கமாட்டேன். இந்தக் கரையில் இன்னொரு பொழுது விடியும்வரை தங்கவும் மாட்டேன். என் தாய்மீது ஆணை."

வில்லவரையர் நம்பியை நோக்கினார். இவளைத் தடுக்கக்கூடியவன் நீ ஒருவனே என்று அந்தப் பார்வை சொல்லிற்று. நம்பி வாய் திறந்தான். உடைந்த பாலமும், பொங்கும் கயமும், வெறுமையான சாடிகளும், அவளுடைய வீங்கிய காலும் அவன் கண்முன் வந்து நின்றன. எந்த ஒன்றுக்கும் அவனிடம் இப்போது மாற்று ஏற்பாடு இல்லை. அவற்றைத் தேட நேரமும் இல்லை.

அவன் மண்டியிட்டான். அவள் வாளின்மீது வைத்திருந்த கையின் கீழே, இரும்பைத் தொட்டு, தன் கையை வைத்தான்.

"தேவியை அந்த மதிலில் ஏற்றிவிட்டுத்தான் என் கால்கள் ஓயும். அதுவரை ஓயா," என்றான்.

வெளியே பேரிகை இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. வாயிலில் கோடன் புதிய தூளிக்குக் கழி வெட்டி, தோலுரிந்த கைகளால் கொடியை இறுக்கிக்கொண்டிருந்தான். யாரும் அவனிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நம்பியும் நீலநங்கையும் வாயிலுக்கு வந்ததும் மூவரும் கிழக்கே முகம் திருப்பினார்கள்.